மேல ஆளு ஏறுதுங்கோ

பனை ஏறுகிறவர்கள் ஏறும் முன் ஒரு குரல் கொடுப்பார்கள். மாடி வேலைக்குப் போகிற நாங்களும் அப்படித்தான். பக்கத்து வீட்டு முற்றத்தில் பெண்கள் குளிப்பார்கள், தலை காயவைப்பார்கள். "மேல ஆளு ஏறுதுங்கோ!" என்று கத்திவிட்டுக் கொஞ்சம் நின்றுதான் ஏணியில் கால் வைக்க வேண்டும்.

விருத்தாசலம் கடைத்தெருவில் கோதண்டபாணி முதலாளியின் தாத்தா கட்டிய சுண்ணாம்புக் கட்டடம் இருக்கிறது. தேக்கு உத்திரம், கையகலச் செங்கல். கீழே பாத்திரக்கடை. அதன் மொட்டை மாடியில் இரும்புத் தூண் நிறுத்தி, சுற்றிலும் கண்ணாடி வைத்து ஓட்டல் கட்டினோம். அங்கே உட்கார்ந்து டீ குடித்தால் கோயில் கோபுரம் தெரியுமாம். தெரிகிறது. கோபுரத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு சம்சாத் பேகத்தின் முற்றமும் தெரிகிறது.

அந்த வீட்டில் பேகம் அம்மாவும் மகள் மஹிராவும் மட்டும். வீட்டுக்காரர் குவைத்தில். சமையல், துணி துவைப்பது, மஹிரா படிப்பது, புழுக்கத்தில் படுப்பது எல்லாமே முற்றத்தில்தான். மற்ற அறைகளில் பகலிலும் லைட்டு போட வேண்டும்.

நான் குரல் கொடுத்ததும் கீழே சலசலப்பு கேட்கும். பிறகு, "ஏறுங்கண்ணே!" என்பார் பேகம் அம்மா. சில நாள், "இருங்கண்ணே, மஹிரா தலையில சீயக்காயோட நிக்கிது!" என்பார். நான் ஏணியடியில் பீடி பற்றவைப்பேன்.

"உன் கூலிய சீயக்கா தின்னுது போ," என்று சிரிப்பாள், என்னோடு சிமெண்ட் சுமக்கும் சொர்ணாம்பாள்.

கண்ணாடி வந்து இறங்கிய அன்று எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. சட்டியை எடுப்பேன், வைப்பேன். கடைசியில் முதலாளியிடமே போனேன்.

"அந்தப் பக்கம் மட்டும் செவுரு வெச்சிடலாமுங்களா மொதலாளி? இல்ல, நம்மூரு சூளையில ஓட்டை வெச்ச பீங்கான் ஜாலி செய்யிறாங்க, அதையாவது…"

"கோபுரம் அந்தப் பக்கந்தானய்யா இருக்குது? செவுத்தப் பாக்கவா மாடி ஏறி வருவான்?"

"கீழ பொம்பளைங்க பொழங்குற எடமுங்க."

"நான் என்ன அவங்க வூட்டுலயா கட்டுறேன்? என் செவுத்து மேல கட்டுறேன். நீ மொதல்ல மீன்காரன் மாதிரி கத்துறத நிறுத்து. பெரிய மனுஷங்க வந்து பாத்துட்டுப் போற எடம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் சுவர்தான். ஏணிக்குத் திரும்பினேன். கத்திவிட்டுத்தான் ஏறினேன்.

ஓட்டல் திறந்த மறுவாரம் பேகம் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். முற்றத்துக்குத் தகரம் போட வேண்டும்.

"வேற ஆளு பாத்துக்குங்கம்மா," என்றேன்.

"ஏண்ணே?"

"அந்தக் கண்ணாடிய மாட்டுனதும் இந்தக் கைதானுங்க."

"அதனாலதான் கூப்புடுறேன். மேலருந்து எதுவரைக்கும் தெரியும்னு உங்களுக்குத்தான தெரியும்?"

தப்பிக்க வழியில்லை. ஏணி சாத்தியதும் வாய் தானாகக் கத்தியது. மஹிரா சிரித்துவிட்டாள். "நாங்கதான மாமா உங்களக் கூப்புட்டோம்!"

ஒவ்வொரு தகடாக ஆணி அடித்தேன். வெளிச்சம் நகர நகர, மஹிராவும் புத்தகத்தோடு நகர்ந்துகொண்டே இருந்தாள். கடைசித் தகட்டுக்கு வந்தபோது சுவரோரம் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் தகட்டுக்கு ஆணி அடிக்கக் கை வரவில்லை. கம்பியில் கொக்கி வளைத்து மாட்டிவிட்டுக் கீழே இறங்கினேன்.

"இது மட்டும் நகரும்மா. கழியால கொக்கியத் தட்டிட்டுத் தள்ளுங்க. ராத்திரி மேல லைட்ட அணைச்ச பொறகு தெறந்துக்குங்க, காத்து வரும்."

பேகம் அம்மா கழியை வாங்கித் தள்ளிப் பார்த்தார். நகர்ந்தது. ஒரு துண்டு வானம் வந்தது. திரும்ப இழுத்து மூடினார்.

"சரிண்ணே. அப்ப வெயிலு?"

நான் சுத்தியலைப் பையில் போட்டேன். மஹிரா எழுந்து போய் லைட்டு சுவிட்சைப் போட்டாள்.

ஏணியை எடுக்க வெளியே வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பையன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். கோபுரத்தைத்தான் எடுத்திருப்பான். என் தகரமும் அதில் விழுந்திருக்கும்.