யூச்செங்குக்கு வந்துகொண்டிருக்கும் ஊர்கள்

1

இந்தக் கதை சாம்பலிலிருந்து பொறுக்கியது. முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். கீலுங் துறைமுக நகரில் எங்கள் கட்டிட வாசலில், மேல்வீட்டுத் தியென்ஃபா தகர டின்னில் இறந்தவர்களுக்கான காகிதக் காசை எரித்துக்கொண்டிருந்தார். காற்றில் ஓர் அட்டை பறந்து என் காலடியில் விழுந்தது. பாதி கருகிய தபால் அட்டை. மரச்சட்டம் போட்ட பழங்காலத்து வீடுகள். அடியில் க்வெட்லின்புர்க், ஜெர்மனி.

"இங்க குடுங்க. எம் பையனோடது," என்றார்.

அவர் பையன் யூச்செங் போன மாதம்தான் ஸ்கூட்டர் வழுக்கிச் செத்துப்போயிருந்தான்.

2

'மழை ஓயாத துறைமுக நகரில் ஒரு தாய்...'

இப்படித் தொடங்க வேண்டாம். இங்கே என்றைக்குத்தான் மழை ஓய்ந்தது?

(அட்டைகள் வரும் முறை இதுதான். அட்டை பரிமாறிக்கொள்கிறவர்களுக்கென்று ஓர் இணையதளம். அது தரும் வெளிநாட்டு முகவரிக்கு ஓர் அட்டை போட வேண்டும். கிடைத்தது என்று அவர்கள் பதிந்ததும், வேறு யாரோ உங்களுக்கு ஒன்று போடுவார்கள். ஜெர்மனியின் பழைய ஊர்களின் படம்தான் வேண்டும் என்று யூச்செங் கேட்டு வைத்திருந்தான். அவன் அனுப்பியவை போய்ச் சேரச் சேர, அவன் இல்லாத வீட்டுக்கு ஊர்கள் வந்துகொண்டிருந்தன.)

3

அவன் அம்மா மெய்யுன் அவற்றை ஒளித்து வைத்தாள். தியென்ஃபா தேடியெடுத்து எரித்தார்.

"அவன் பேருக்கு வந்த தபால நீ அமுக்கிக்கிட்டா எப்படி? எரிச்சாத்தானே அவனுக்குப் போய்ச் சேரும்?"

"கனவுல வந்து கேட்டானாக்கும் உங்ககிட்ட?"

"வரமாட்டேங்கிறானேடி! அதனாலதான் எரிக்கிறேன்."

[தியென்ஃபாவை முரடராக எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த வாக்கியம் என் திட்டத்தில் மண்ணைப் போட்டுவிட்டது.]

4

நசுங்கிய ஸ்கூட்டர் திரும்பி வந்தது. சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், அவன் எழுதி முடித்தும் அனுப்பாத ஓர் அட்டை. தபால்தலை ஒட்டியிருந்தது. கோர்லிட்ஸ் ஊரில் இர்ம்கார்ட் என்ற அம்மாளுக்கு. மெய்யுனுக்கு அந்த ஆங்கிலம் புரியாது. கையெழுத்து தெரியும். இதையும் எரித்துவிடுவார் என்று பயந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"இத எரிக்கக் கூடாது," என்றார் தியென்ஃபா. "இது அந்தம்மா தபால். பெட்டியில போட்டுடு."

"மாட்டேன். அவன் கையால எழுதினதுல இது ஒண்ணுதான் இருக்கு."

"போட்டா இன்னொரு ஊரு வருமே."

"வரும். அதையும் கொளுத்துவீங்க. அப்புறம் எனக்கு என்ன மிச்சம்?"

"எனக்கு மட்டும் என்னத்த வெச்சுட்டுப் போனான்?"

(இது என் கற்பனை இல்லை. எங்கள் கட்டிடத்தின் சுவரும் தளமும் அவ்வளவு மெல்லியவை. கேட்டுவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.)

5

மெய்யுன் அதைத் தபாலில் போடுகிறாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அடித்தேன். போடவில்லை என்று எழுதினேன். கோர்லிட்ஸ் அம்மாள் என்ன பாவம் செய்தாள்? அதையும் அடித்தேன். "கலர் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கச் சொல்லேன், இதுக்குப் போயி," என்றாள் என் மனைவி. பேனா அழுந்திய பள்ளங்களை மெய்யுன் விரலால் தடவிக்கொண்டிருப்பதை அவள் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அட்டையில் தேதி இல்லை. பெட்டியில் போடும்போதுதான் எழுதுவானாம். தியென்ஃபா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன தேதி போடட்டும்?" என்று கேட்கிறார். அட்டை இன்னும் மெய்யுன் கையில்தான் இருக்கிறது. அவன் உயிரோடிருந்த கடைசி நாளா, இன்றைக்கா?

எனக்குத் தெரியவில்லை. நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கள்.