துவைக்காத துண்டு

சலவைக் கடையில் அவனைப் 'பளிச்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். மைக் கறையோ எண்ணெய்ப் பிசுக்கோ, அவன் கைக்கு வந்தால் போயே போய்விடும். துவைத்த துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பான். உடுத்தியவரின் வாடை துளியும் இல்லையென்றால்தான் அது இஸ்திரி மேசைக்குப் போகும். வீட்டிலும் அதே கதைதான். மனைவி கழற்றிப் போட்ட புடவை சூடு ஆறுவதற்குள் வாளிக்குள் கிடக்கும்.

"என்னையும் ஒருநாள் ஊறப்போட்டுடாதீங்க" என்பாள் அவள்.

அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. ஒரு வாரம் மருத்துவமனையில் இருக்கவேண்டும், சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். கிளம்பும்போது, தான் உடுத்தியிருந்த பழைய நைட்டியைக் கழற்றி மகளின் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எதற்கென்று சொல்ல நேரமில்லை. பளிச்சு அதைப் பார்த்தான். பிள்ளை படுக்கிற இடத்தில் அழுக்குத் துணியா? உடனே நல்ல சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, மடிப்புக் கலையாமல் அதே இடத்தில் வைத்தான்.

இரண்டரை வயது மகள் அதில் முகத்தைப் புதைத்தாள். அடுத்த நொடியே தூக்கி எறிந்தாள்.

"இது அம்மா இல்ல!"

அன்றிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. கண் சொருகும், உடனே வீறிட்டு எழுவாள். போனில் அந்த அழுகையைக் கேட்ட மனைவி, "நாளைக்கே கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்" என்றாள். தையல் பிரிந்தால் மறுபடியும் கத்தி வைக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பளிச்சு சாமி படத்தின் முன்னால் போய் நின்றான். "கடவுளே, இவ இங்க சிரிக்கணும், அவ அங்க படுத்திருக்கணும்" என்று வேண்டிக்கொண்டான்.

மறுநாள் காலை பிள்ளையைக் கடைக்கே தூக்கிப் போனான். இஸ்திரி போடும் அக்கா, "எங்கிட்ட விட்டுட்டுப் போ தம்பி. இன்னிக்கு உன் மூட்டையையும் நானே பாத்துக்கறேன்" என்றாள். கேட்காமலே கிடைத்த அந்த உதவிக்குத் தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

மனைவியைத் தேற்ற மகளின் சின்னக் கவுன் ஒன்றைத் துவைத்து, தேய்த்து எடுத்துப் போயிருந்தான். அவள் ஆசையாய் வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டாள். அப்படியே கையை இறக்கினாள்.

"ஏங்க, இதுல சோப்புதாங்க இருக்கு. எம்பொண்ணு எங்க?"

மகள் சொன்னதையே தாயும் சொல்கிறாள். பளிச்சுவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அந்த நைட்டியையும் துவைச்சிட்டேன்" என்றான் மெதுவாக.

அவள் கண்ணை விரித்துப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். "அட என் புத்திசாலி! அதுல நான் இருந்தேன்னுதானே வச்சிட்டு வந்தேன்!"

அவன் தோளில் ஒரு துண்டு கிடந்தது. காலையில் பிள்ளை அழுது, எச்சில் வடித்து, கடித்த பிஸ்கட்டைத் துப்பிய துண்டு. வெட்கப்பட்டு அதை முதுகுப் பக்கம் தள்ளப் பார்த்தான். அவள் எட்டிப் பிடுங்கிக்கொண்டாள். முகர்ந்தாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"இது... இதுதான் அவ."

வந்த நாளிலிருந்து கழுத்தில் சுற்றியிருந்த பருத்திச் சால்வையை அவிழ்த்து அவன் கையில் திணித்தாள். அதில் குழம்புக் கறைகூட இருந்தது. மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் இருவரையும் பார்த்தாள். "பழம் கொண்டுவர்ற புருஷனப் பாத்திருக்கேன். அழுக்குத் துணிய மாத்திக்கிட்டுப் போறவர இப்பத்தான் பாக்கறேன்" என்றவள், காகித உறை ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். "இதுல வச்சு எடுத்துட்டுப் போங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, நனைஞ்சிடப் போகுது."

கடையில், அழுக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள் மகள். பளிச்சு சால்வையை விரித்தான். அவள் முதலில் சந்தேகமாய் மூக்கை நீட்டினாள். பிறகு இரண்டு கையாலும் இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் வாய்க்குப் போனது. இயந்திரங்கள் தடதடக்க, அந்தப் பட்டப்பகலில், பக்கத்தில் சாய்ந்த அப்பாவின் வியர்வைச் சட்டை மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.

"அசையாத தம்பி, மூட்டையோட மூட்டையா கிட" என்றாள் அக்கா.

அவன் போனில் கிசுகிசுத்தான். "தூங்கிட்டா."

"நெசமாவா?" அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்போ டாக்டர் சொல்ற வரைக்கும் இருந்துட்டே வரேன்."

சால்வையின் குழம்புக் கறை அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. விரல் பரபரத்தது. அடக்கிக்கொண்டான். ஒவ்வொரு உயிரின் மேலும் ஆண்டவன் ஒரு வாசனையைப் பூசி அனுப்புகிறான், அதைத் தேடி வருபவர்கள் வழி தவறாமல் இருப்பதற்காக. அதைப் போய் அழுக்கென்று நினைத்தோமே என்று எண்ணியபடி மகளின் உச்சந்தலையை முகர்ந்தான்.

தையல் ஆறி மனைவி வீடு வந்தாள். வாசலிலேயே மகள் தாவி அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். மருந்து நெடிக்கு ஒரு கணம் மூக்கைச் சுளித்தாள், பிறகு காதுக்குக் கீழே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஆஸ்பத்திரி வாடை. வெந்நீர் வைங்க, முதல்ல குளிக்கணும்" என்றாள் மனைவி.

பளிச்சு சோப்பை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

"கொஞ்சம் பொறு. அவ இன்னும் மோந்து முடிக்கல."