நூற்றுப்பதினான்கு பள்ளங்கள்

நான் எழுதிய செய்தி இதுதான்: "சாலைப் பள்ளங்களை மீன்குளங்களாக அரசு அறிவித்துவிட்டது. வாசலில் பள்ளம் உள்ளவர்கள் அதன் ஆழத்தை அளந்து மீன்வள அலுவலகத்தில் பதிந்தால் ஐம்பது ஜிலேபி மீன்குஞ்சுகள் இலவசம்." அடியில் எப்போதும்போல, "இது கேலிச் செய்தி, சிரித்துவிட்டு நகருங்கள்" என்று ஒரு வரி. என் 'தவளைச் செய்தி' இணையப் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டேன்.

யாரோ அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது அடிவரி வெட்டுப்பட்டுவிட்டது. மறுநாள் காலை வானொலியில் எங்கள் லுவோ மொழியிலேயே அதை வாசித்தார்கள். பத்து மணிக்குள் மீன்வள அலுவலகத்தின் முன் நூற்றுப்பதினான்கு பேர், ஆழத்தைக் குறித்த குச்சிகளும் தண்ணீர் பேசின்களுமாக நின்றார்கள். அங்கிருந்த எழுத்தரும் வானொலி கேட்டவர்தான். முத்திரை விழாத காகிதத்தை எங்கள் ஏரிக்கரையில் யாரும் காகிதமாக மதிப்பதில்லை. ஆகவே எல்லோரிடமும் பள்ளத்தின் இடத்தையும் ஆழத்தையும் இரண்டு பிரதி எழுதி வாங்கி, இரண்டிலும் 'பெறப்பட்டது' என்று குத்தி, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

வரிசையில் முதல் ஆள் சர்ச்சு வாசலில் மீன் பொரித்து விற்கும் அபோண்டி அம்மா. கடையை மூடிவிட்டு, மீன்குஞ்சு வருமென்று மாலைவரை வெயிலில் நின்றிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வட்டாரத்து அரசு அதிகாரி சீஃப் ஒகுட்டு மாமரத்தடியில் ஊர்க்கூட்டம் போட்டார். போதகர் ஜெபம் செய்து முடித்ததும் சீஃப் என் கையில் ஒரு தாளைத் திணித்தார்.

"வாசிம்மா டீச்சர். வாசிச்சா இதோட முடிஞ்சுது. இல்லேன்னா ஜீப்பு நிக்குது பாரு, நேரா ஸ்டேஷன்தான்."

தாளில் மூன்று வரிகள். "நான் எழுதியது பொய். எங்கள் வட்டாரச் சாலைகளில் பள்ளமே இல்லை. ஏமாந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

முன்வரிசையில் அபோண்டி அம்மா அதே பேசினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தாளை மடக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

"அம்மா, உங்க ஒரு நாள் பொழப்பு என்னால போச்சு. மன்னிச்சுக்கோங்க. நாளைக்குப் பூரா உங்க கடையில நின்னு மீன் கழுவித் தர்றேன்."

"செதில் எடுக்கத் தெரியுமா ஒனக்கு? பேனா புடிக்கிற கை."

"கத்துக்கறேன்."

"சரி, விடியக்கால வந்துரு. லேட்டா வந்தா டீச்சர்னு பாக்க மாட்டேன்." கூட்டம் சிரித்தது.

"சிரிச்சது போதும்," என்றார் சீஃப். "மிச்சத்த வாசி."

"வாசிக்க மாட்டேங்க. இப்பத்தான் ஆமென் சொன்னேன். அதே வாயால பள்ளமே இல்லேன்னு சொல்ல வராது."

"பொய்ச் செய்தி எழுதறப்ப மட்டும் வந்துச்சாக்கும்?"

"அந்தப் பொய்க்கு அடியில, இது பொய்னு நானே எழுதியிருந்தேன். இதுக்கு அடியில நீங்க எழுதலியே."

சீஃப் கையசைத்தார். ஜீப் உறுமியது. ஆனாலும் நான் தாளை விரிக்கவில்லை.

அபோண்டி அம்மா எழுந்தார். இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "மகளே, வாசிக்கணும்னா இத வாசி. சர்ச்சு வாசல், இடுப்பளவு. கவர்மெண்டு முத்திரை இருக்கு."

"அது மீனுக்காகக் குடுத்தது!" என்றார் சீஃப்.

"மீனு பொய்தான் ஐயா. பள்ளம் பொய்யா? முந்தாநேத்து உங்க ஜீப்பே அதுலதானே கெடந்துச்சு. நாங்க பத்துப் பேரு சேந்து தள்ளி விட்டோமே, மறந்துட்டீங்களா?"

ஜீப் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். சீஃப் திரும்பி முறைத்தார். ஓட்டுநர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "எனக்கு அன்னிக்குச் சேறு தொடைக்கத் துணி குடுத்தது இந்த அம்மாதான்," என்றார்.

பைகளிலிருந்தும் தொப்பிகளுக்குள்ளிருந்தும் காகிதங்கள் வெளியே வந்தன. எல்லாவற்றிலும் ஊதா முத்திரை. என் கை நிறைந்துவிட்டது. அபோண்டி அம்மா பேசினைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார்.

"உக்காந்து வாசி. நேரமாகும்."

உட்கார்ந்து, மரத்தடியில் கிடந்த சீஃபின் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டேன். "ஒன்று. அபோண்டி. சர்ச்சு வாசல். இடுப்பளவு," என்று தொடங்கினேன். கூட்டம் "ஆமென்" என்றது.