முன்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழி

என் கையால் செய்த பல்லை மாட்டிக்கொண்டு இந்த ஊரில் ஐந்நூறு பேராவது சிரிக்கிறார்கள். ஒருவருக்கும் என்னைத் தெரியாது. பல் டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். நான் லேபில் உட்கார்ந்து மெழுகில் செதுக்கி, உலோகத்தில் வார்த்து, தேய்த்துப் பளபளவென்று ஆக்கி அனுப்புவேன். மாட்டிக்கொண்டவர் கண்ணாடியைப் பார்த்து, "டாக்டருக்கு ராசியான கை" என்பார். இருபத்திரண்டு வருஷமாக அதைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். தொழில், போகட்டும். ஆனால் என் படகுக்கும் அதே கதி என்றால் விட்டுவிடுவேனா?

படகு என்றால் கைக்குழந்தை நீளத்துக்கு ஒரு படகு. பூங்கா ஏரியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு படகு ஓட்டும் சங்கம் ஒன்று இருக்கிறது. அண்ணன்தான் செயலாளர். "பொம்மைப் படகு" என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும். "மாதிரிப் படகு" என்று சொல்ல வேண்டும். போன வருஷம் ஒரு மீன்பிடிப் படகை அடிப்பலகையிலிருந்து உச்சி விளக்கு வரை நான் செய்தேன். அண்ணன் ஓட்டினார். இரண்டாம் பரிசு. சங்கத்துக் கொட்டகையில் படம் மாட்டியிருக்கிறார்கள்: படகும் கையுமாக அண்ணன், வாய் நிறையப் பல். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது.

இந்த வருஷப் போட்டி இழுவைப் படகுகளுக்கு. சரக்கு மிதவை ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போய் மேடையில் சேர்க்க வேண்டும். "செய்யறதும் நான்தான், ஓட்டறதும் நான்தான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"பார்க்கலாம் பாப்பா" என்றார் அண்ணன்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. வீட்டில் மட்டுமில்லை, அண்ணன் தயவில் சங்கத்திலும் நான் பாப்பா. தலையில் பாதி நரைத்த பாப்பா.

விசிறி அமைப்பு எது என்று முடிவு செய்ய ஒரு ஞாயிறு காலையில் கொட்டகையில் கூடினோம். புரொப்பெல்லரைச் சங்கத்தில் யாரும் புரொப்பெல்லர் என்று சொல்வதில்லை, விசிறிதான். சங்கத் தலைவருக்குச் சங்கு என்று பெயர். அவர் பேசினால் ஏரிக்கு அக்கரையில் நாய் எழுந்து உட்காரும், அவ்வளவு குரல். முன்னெல்லாம் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், இப்போது முகத்துக்கு நேரே சொல்கிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

"இழுவைக்கு மூணு வழி இருக்கு" என்றார் சங்கு. "நடுவுல ஒரே பெரிய விசிறி, பின்னாடி ஒரு சுக்கான். இல்லேன்னா பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு விசிறி. இல்லேன்னா விசிறியையே வளையத்துக்குள்ள வச்சு, முழுசாத் திருப்பற மாதிரி செய்யலாம். மூணாவது பெரிய வேலை, பல்சக்கரம் ஒண்ணு வழுக்கினா அம்போ."

"ஒண்ணு போதும்" என்றார் அண்ணன். "ஒரு கட்டைவிரல்ல ஓட்டிடலாம்."

யாருடைய கட்டைவிரல் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டு விசிறி எதுக்கு? படகுக்கு வேர்க்குதா?" என்று அண்ணன் கேட்க, கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், வேறு யாராவது சொல்லியிருந்தால்.

காரணம் இருந்தது. இரண்டு விசிறி என்றால் இரண்டு மோட்டார், ரிமோட்டில் இரண்டு குச்சி. இடது கை ஒன்றைச் சொல்ல, வலது கை வேறொன்றைச் சொல்ல வேண்டும். என் கைகள் அப்படித்தான் பிழைக்கின்றன. ஒன்று தீயைப் பிடித்திருக்கும், மற்றொன்று மெழுகை. ஒன்று சொல்வதை மற்றொன்று கேட்காது. இதை அங்கே விளக்கிக்கொண்டிருக்கவில்லை. "ரெண்டுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

விசிறிகளைக் கடையில் வாங்கவில்லை. சங்கம் கொடுத்த வரைபடத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது: வலப்பக்கத்துக்கு வலஞ்சுழி, இடப்பக்கத்துக்கு இடஞ்சுழி. கட்டைவிரல் நீளத்தில் நான்கு இதழ் வைத்து மெழுகில் இரண்டு செதுக்கினேன். ஒன்று கடிகார முள் மாதிரி வலமாகச் சுழன்று தள்ளுவது, மற்றது இடமாகச் சுழன்று தள்ளுவது. சாப்பாட்டு வேளையில் லேப் உலையிலேயே பல் வார்க்கும் உலோகத்தில் வார்த்தேன். லேப் முதலாளியிடம் கேட்டுவிட்டுத்தான். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்து, "இது யாருக்குப் பல்லு?" என்றாள்.

"ஒரு படகுக்கு."

"கடைவாயா?"

"ஆமா, பின்பக்கம்தான்."

படகு முடிந்ததும் காலையில் லேபுக்குப் போகும் வழியில் ஏரியில் விட்டேன். இரண்டு குச்சியையும் மேலே தள்ளியதும் கோடு கிழித்தது மாதிரி நேராகப் போனது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு நின்ற இடத்திலேயே திருப்பலாம் என்று இடது குச்சியை மேலேயும் வலது குச்சியைக் கீழேயும் தள்ளினேன். எல்லா இரட்டை விசிறிப் படகும் அப்படித் தள்ளினால் பம்பரமாகத் திரும்பும். என் படகு திரும்பவில்லை. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நண்டு மாதிரி வலப்பக்கமாக நகர்ந்தது.

நடைப்பயிற்சிக்கு வந்த சங்கு பார்த்துவிட்டார். படகைத் தூக்கச் சொல்லி, விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார்.

"இந்த வலஞ்சுழியை நீ எங்கேருந்து பார்த்து வலஞ்சுழின்னு முடிவு பண்ணினே?"

"முன்னாடியிருந்து."

"ஐயோ! படகுக்கு எல்லாம் பின்னாடியிருந்துதாம்மா பார்க்கணும்! பின்னாடி நின்னு பார்த்தா இது இடஞ்சுழி. ரெண்டும் வெளிப்பக்கமாச் சுத்த வேண்டியது, உனக்கு உள்பக்கமாச் சுத்துது. திருப்பறப்போ ஒண்ணை ஒண்ணு கெடுக்குது." அவர் சொன்னது ஏரி முழுக்கக் கேட்டது.

என்ன சொல்வது? அச்சு என் மேஜைக்கு வந்தால் என்னைப் பார்த்துத்தான் வாயைத் திறந்துகொண்டு உட்காரும். எந்த வாயையும் முன்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன். பின்னாலிருந்து வாயைப் பார்த்தவர் யார்? தொழில் புத்தி பல்லிளித்துவிட்டது.

"ஒண்ணும் பயப்படாதே, இதை அங்கேயும் அதை இங்கேயும் மாட்டி, மோட்டார் வயரை மாத்திட்டா முடிஞ்சது, பத்து நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டுச் சங்கு நடந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாற்றத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. அதற்குள் அண்ணன் மாடியேறி வந்தார். அவர் குடும்பம் கீழே, நான் மேலே.

"சங்கு சொன்னார். சீக்கிரம் மாத்திடு பாப்பா, நான் நாலு நாள் ஓட்டிப் பழகணும்."

"நீங்க எதுக்குப் பழகணும்?"

"பேர் கொடுத்தாச்சே. ஓட்டுநர்னு என் பேரைத்தான் எழுதியிருக்கேன். உனக்கு ஏன் வெயில்ல அலைச்சல்? அதான் செஞ்சுட்டியே, போதாதா?"

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உண்மையான பாசத்தோடு சொன்னார், அதுதான் எரிந்தது. படத்தில் இருந்த அந்த முழங்கை ஞாபகம் வந்தது. ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

"மாத்த மாட்டேன்."

"தப்பா இருக்கே!"

"இருக்கட்டும். என் தப்பு. நான் பார்த்துக்கறேன்."

"பட்டியல் போயாச்சு பாப்பா. பட்டியல்ல இருக்கறவங்கதான் ஓட்டணும், விதி."

"அப்ப விதியே வந்து ஓட்டட்டும். விசிறியை மாத்த மாட்டேன். அதை நீங்க பழகவும் இல்ல. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலேன்னு சொல்லாதீங்க."

படகுதானே என்று அண்ணன் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். கீழே துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மறுநாள் படியில் பார்த்தபோது, "மாத்தலையே?" என்றார்.

"இல்ல அண்ணி."

"மாத்தாதே" என்றார், அவ்வளவுதான்.

மூன்று வாரம் தினமும் காலையில் ஏரிக்குப் போனேன். வீம்புதான், மறைக்கவில்லை. ஆனால் வீம்பு மட்டும் படகை ஓட்டாது. திருப்ப வேண்டுமானால் ஒரு விசிறியை நிறுத்தி, மற்றதை முடுக்கி, சுக்கானை ஒடித்துச் சின்னதாக ஒரு வட்டம் போட வேண்டும். பக்கவாட்டில் போக வேண்டுமானால் குச்சிகளை மேலும் கீழுமாகத் தள்ளி, மூக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிராக ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் படகு கரைக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நகர்ந்தது. பதினைந்தாம் நாள் இரண்டு கல்லுக்கு நடுவில் நான் சொன்ன இடத்தில் நின்றது. ஏரியில் வேறு எந்தப் படகும் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு லேபில் ஒரு முன்பல்லை வழக்கத்தைவிட அழகாகச் செய்தேன்.

போட்டி அன்று கரை முழுக்கக் கூட்டம். மிதவையை இழுத்துக்கொண்டு ஆரஞ்சுப் பந்துகளுக்கு நடுவே போய், திரும்பி வந்து, மிதவையை மேடையில் சேர்க்க வேண்டும். கடைசியில் படகைத் தனியாக இரண்டு கம்பங்களுக்கு நடுவில், மேடையை ஒட்டி நிறுத்த வேண்டும். கம்பங்களுக்கு நடுவே படகைவிட ஒரு சாண்தான் கூடுதல் இடம். மற்றவர்கள் முன்னும் பின்னுமாக முட்டி மோதி உள்ளே போனார்கள்.

எங்கள் முறை வந்ததும் நான் ரிமோட்டோடு போய் நின்றேன். சங்கு பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பட்டியல்ல இவர் பேருல்ல இருக்கு" என்றார், தன்னால் முடிந்தவரை மெதுவாக. அண்ணன் கையை நீட்டினார். எல்லோர் முன்னாலும் இழுபறி வேண்டாம் என்று கொடுத்தேன். கொடுக்கும்போது என் விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் பிரிந்தன.

நேராகப் போன வரை நன்றாகப் போனது. அண்ணன் கூட்டத்தைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினார். திரும்பும் இடம் வந்தது. குச்சிகளை மேலும் கீழுமாகத் தள்ளினார். படகு திரும்பாமல் பக்கவாட்டில் நழுவியது, கயிறு தொய்ந்தது, பின்னால் வந்த மிதவை படகின் பின்பக்கத்தில் டொக்கென்று இடித்தது. கூட்டம் சிரித்தது. அண்ணன் இன்னும் அழுத்தினார். படகு போய்ப் பந்தின் மேல் சாய்ந்துகொண்டது.

"படகுலதான் கோளாறு!" என்று அண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "என் தங்கச்சி, பாவம், முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு தெரியாம விசிறியை மாட்டிட்டா!"

போன வருஷம் பரிசு வாங்கியபோது, இதே கூட்டத்துக்கு முன்னால், இதே வாயில் தங்கச்சி என்ற சொல் வரவில்லை. இப்போது வந்துவிட்டது. எனக்குள் எதுவோ இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து எழுந்து நின்றது.

"ஆமா, நான்தான் மாட்டினேன்" என்றேன். என் குரல் சங்குக்குப் போட்டியாகக் கேட்டது. "தப்பாத்தான் மாட்டினேன். தப்பு என்னுதுன்னா படகும் என்னுதுதானே? குடுங்க இங்கே."

பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நடுவுல ஆள் மாறக் கூடாது, படகு போட்டியிலேருந்து நீக்கம்!" என்றார் சங்கு.

"நீக்குங்க. மிதவையை அங்கேயே விட்டுட்டு வர முடியாது."

வலது விசிறியைப் பின்னால் சுற்றிப் படகைப் பந்திலிருந்து எடுத்தேன். கயிறு இறுகும் வரை பொறுத்து, ஒரு விசிறியில் சின்ன வட்டம் போட்டுத் திருப்பினேன். மிதவை பின்னாலேயே வந்தது. மேடையில் சேர்த்துக் கயிற்றைக் கழற்றியதும் படகைக் கம்பங்களுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினேன். மேடைக்கும் படகுக்கும் நடுவே ஒரு கை அகலத் தண்ணீர். இடது குச்சி மேலே, வலது குச்சி கீழே. படகு முகத்தைத் திருப்பாமல், முட்டாமல் மோதாமல், பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போய் மேடையைத் தொட்டு நின்றது.

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். பார்த்தேன், அண்ணி.

பரிசு கிடைக்கவில்லை. நீக்கம் நீக்கம்தான். கொட்டகையில் படகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "அது எப்படிப் பக்கவாட்டுல போச்சு?" என்றார்.

"முன்னாடி வந்து நின்னு பாருங்க, தெரியும்."

எழுந்து வந்து, படகின் மூக்குக்கு முன்னால் குனிந்து நின்று பார்த்தார். நான் விசிறியை விரலால் சுற்றிக் காட்டினேன். "இங்கேருந்து பார்த்தா வலஞ்சுழிதான்" என்றார். அதை மெதுவாகச் சொன்னார்.

அடுத்த வருஷத்துக்கான படிவத்தை அன்றைக்கே சங்குவிடம் கேட்டு வாங்கினேன். அண்ணன் பேனாவை எடுக்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. விசிறி அமைப்பு என்ற இடத்தில், "இரட்டை, உள்பக்கமாகச் சுழல்வது" என்று எழுதினேன். ஓட்டுநர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். கட்டம் போதவில்லை, கோட்டைத் தாண்டி வெளியே போனது.

சங்கு கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"உனக்கு இவ்வளவு பெரிய பேரா?"

"ஆமா" என்றேன். "இங்கே யாரும் கேட்டதில்ல."