அந்தாதி அச்சேறிய வாரம்

அஸ்தம்பட்டியில் ஆப்செட் அச்சகம் நடத்தும் கைலாசத்தின் மனைவி சென்னம்மாள், பனமரத்துப்பட்டி ஏரிக்கரை அம்மன்மேல் முப்பது பாடல்களில் ஓர் அந்தாதி பாடியிருந்தாள். ஒரு பாடல் முடியும் சொல்லே அடுத்த பாடலின் முதற்சொல்லாகத் தொடுத்த மாலை அது. அதை நூலாகக் கண்ணாரக் காண வேண்டும் என்பதே அவளது வேண்டுதல். சர்க்கரை நோய் இடக்கண்ணை முன்பே பறித்திருந்தது. வலக்கண்ணிலும் உள்ளே குருதி கசிவதாகவும், எஞ்சிய பார்வை எந்நாளும் மறையலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார்.

மகள் கிருத்திகா அடுத்த தெருவிலுள்ள டிஜிட்டல் அச்சகத்தில் ஒரு பக்கத்தை மாதிரியாக எடுத்துவந்தாள். பிளேட் எனும் அச்சுத்தகடு செய்ய வேண்டியதில்லை. கணினியிலிருந்து நேரே, நான்கு வண்ணமும் ஒரே ஓட்டத்தில், காய்ந்த தாளாகவே வந்துவிடும். ஒரே ஒரு படி கேட்டாலும் மாலைக்குள் தருவார்களாம். கைலாசம் தாளைச் சாளரத்தருகே பிடித்துப் பார்த்தார். எழுத்தில் குறையில்லை. பக்கத்தைச் சுற்றியிருந்த தாமரை விளிம்புதான் செங்கல் நிறத்தில் இருந்தது.

"இதையா உங்கம்மா கையில குடுக்கறது? நம்ம மிசின்ல அஞ்சே நாளு, சாமி" என்றார் மகளிடம்.

ஊரார் திருமண அழைப்புகளையெல்லாம் ஏற்றிய தம் எந்திரத்தில் மனைவியின் நூல் ஏறாமற்போவதை அவர் மனம் ஒப்பவில்லை.

வண்ணத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட்டுகளும் எந்திரத்தில் ஏறின. மூன்றாம் நாள் தாள்களின் முன்புறம் முடிந்தது. தாமரை, விடியற்பொழுதின் குளத்தில் இருப்பது போலவே சிவந்து மலர்ந்தது. மை உலர்ந்த பின்னரே மறுபுறம் ஓட்ட இயலும். அன்று பிடித்த மழையோ விடவில்லை. ஈரக்காற்றில் மை விரலில் ஒட்டியது. மாலைதோறும் சென்னம்மாள், ஒரு பக்கமேனும் ஆயிற்றா என்று கேட்டாள்.

அச்சான வரையில் ஒரு தாளை அம்மாவுக்குக் காட்டலாம் என்று கிருத்திகா மன்றாடினாள். மடித்துப் புத்தகமாக்கும் அப்பெருந்தாளின் ஒருபுறத்தில் ஒன்று, நான்கு, ஐந்து, எட்டு என்றே பக்கங்கள் விட்டுவிட்டு அமைந்திருக்கும். இடைப்பட்ட பாடல்கள் அதில் இல்லை.

"அந்தாதி அறுந்து கெடக்குது. அறுந்த மாலையை ஆராச்சும் அம்மனுக்குச் சாத்துவாங்களா?" என்றார் கைலாசம்.

"அம்மாவுக்குக் கண்ணு இருக்கறப்பவே காட்டிரலாமுங்கப்பா" என்றாள் மகள்.

அவர் மின்விசிறியைத் தாளடுக்கின் பக்கம் திருப்பி வைத்தார்.

ஏழாம் நாள் காலை, சென்னம்மாள் பூசையறையில் அமர்ந்து விளக்கை ஏற்றச் சொன்னாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மருத்துவர் நெடுநேரம் சோதித்து, இனி மீளாது என்றார்.

மறுபுறமும் அச்சாகி, மறுநாள் நூல் தைத்து முடிந்தது. முதற்படியைக் கைலாசம் அவள் மடியில் வைத்தார். அவள் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, நடுவில் விரித்து, உள்ளங்கையால் மெல்லத் தடவினாள்.

"நல்லா வந்திருக்குதுங்க" என்றாள்.

பக்கம் தலைகீழாக விரிந்திருந்தது. திருப்பி வைக்கக் கிருத்திகா கை நீட்டினாள். கைலாசம் அந்தக் கையைப் பற்றிக்கொண்டார்.