எனிட் உட்கார்ந்து கண்ட கல்

மே மாதத்தில் ஒரு நாள், எங்கள் ஆஷ்டோக் கிராமத்தார் ஆளுக்கொரு குச்சியோடு ஊர் எல்லையைச் சுற்றி வருவோம். ஒவ்வொரு எல்லைக்கல்லையும் நாலு தட்டு தட்டுவோம். வரைபடம் இல்லாத காலத்து வழக்கம் இது. அப்போதெல்லாம் கல்லோடு விடமாட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கி, பின்பக்கம் கல்லில் படும்படி மூன்று முறை இடிப்பார்கள். வலித்தால் எல்லை மறக்காதாம்.

இந்த வருஷம் நடையில் சிரிப்பே இல்லை. ஏழாவது கல்லைக் காணோம். அது கிடைத்தால் கிரிக்கெட் மைதானம் முழுக்க எங்களுடையது. கிடைக்காவிட்டால் பாதி மைதானம் பக்கத்து ஊரான நெட்டில்பிக்கு. அவர்கள் அதில் கார் நிறுத்தப் போகிறார்கள். திங்கட்கிழமை விசாரணை. ஊராட்சி எழுத்தரான என் கையில் இருந்த ஒரே ஆதாரம், எலி கடித்த காகிதம்.

அந்தக் கல்லில் இடி வாங்கியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் எனிட் மட்டும்தான். எங்கள் ஊரில் பிறந்தவர், வயது எண்பத்து மூன்று. ஆனால் வாழ்க்கைப்பட்டது நெட்டில்பியில். கணவர் செட்ரிக்தான் அங்கே ஊராட்சித் தலைவர். கார் நிறுத்தும் யோசனையே அவருடையது. அறுபது வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவருக்கு எதிராக யார் வாய் திறப்பார்கள்?

எனிட் வந்தார். பின்னாலேயே செட்ரிக்கும் வந்தார்.

"நேத்து கண்ணாடிய எங்க வெச்சேன்னே உனக்கு ஞாபகம் இல்ல, எனிட்," என்றார் செட்ரிக்.

"கண்ணாடி மேல என்னை யாரும் தூக்கிப் போடலியே. கொஞ்சம் சும்மா இரு."

எனிட் வேலியோரம் போய்ப் புல்லில் உட்கார்ந்தார். "அன்னிக்கு அழுதுக்கிட்டே நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் களஞ்சியக் கூரைக்கு மேல சர்ச் கோபுரத்து உச்சியில காத்துத் திசை காட்டற தகரச் சேவல் மட்டும் தெரிஞ்சுது. கோபுரம் தெரியல. உட்கார்ந்து பார்த்தாத்தான் இடம் புரியும்."

அங்கிருந்து கோபுரம் பாதி தெரிந்ததாம். நகர்ந்து உட்கார்ந்தார். அங்கே சேவலே தெரியவில்லையாம். நாலு இடம் மாறியாயிற்று, பாவாடையெல்லாம் சேறு. செட்ரிக்கின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. என் கையில் குச்சி வேறு இருந்தது, சிரமப்பட்டு அடக்கிக்கொண்டேன்.

ஐந்தாவதாக, நெட்டில்பி பக்கமாகத் தள்ளி, முட்புதருக்கு அடியில் உட்கார்ந்தவர் அசையவில்லை.

"இங்க தோண்டுங்க."

தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் மண்வெட்டி டங்கென்றது. ஆஷ்டோக்கின் முதல் எழுத்து பொறித்த கல்லின் தலை தெரிந்தது. ஊரே ஓவென்று கத்தியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

எனிட் மட்டும் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோவமா, செட்ரிக்?"

செட்ரிக் கோட்டைக் கழற்றி மடித்து மனைவி கையில் கொடுத்தார்.

"திங்கட்கிழமை நீ சொன்னா எங்காளுங்க நம்ப மாட்டாங்க. பொறந்த ஊர்ப் பாசம்பாங்க. நான் சொன்னா நம்பித்தான் ஆகணும்." எங்கள் பக்கம் திரும்பினார். "என்னையும் தூக்குங்கப்பா. மெதுவா. இடுப்பெலும்பு புதுசா வெச்சது."

நாலு பேர் சேர்ந்து நெட்டில்பி தலைவரைத் தூக்கினோம். எனிட் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கணவரின் தலையைத் தாங்கியபடி எண்ணினார். அந்த மனுஷன்மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது. ஆனாலும் மூன்றாவது இடியைக் கொஞ்சம் பலமாகத்தான் போட்டேன்.