மாப்பிள்ளையின் வலது கால்

எங்கள் குடும்பத்தில் கொடுத்த வாக்கிலிருந்து யாரும் பின்வாங்கியதில்லை. என் மகளுக்குப் பின்வாங்க வேண்டிய நிலைமை வந்தபோது, அறுபத்துமூன்று வயதில் நான் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தேன்.

மகளும் மாப்பிள்ளையும் ராக் பாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். அவள் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பாள், அவருக்கு டிரம்ஸ். சம்பந்தி வேலை பார்க்கும் ஆலையின் ஆண்டு விழாவில் இரண்டு பாட்டு வாசிப்பதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன் மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்து, கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மேனேஜர் வரைக்கும் சொல்லிட்டேன். இப்போ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றது? வாக்கு குடுத்தது உங்க வீட்டுப் பொண்ணு, சம்பந்தி."

என் மருமகள் என்று சொல்லியிருக்கலாம். உங்க வீட்டுப் பொண்ணு என்றார். சுருக்கென்று தைத்தது.

"பேஸ் நான் வாசிக்கிறேன்" என்றேன்.

"நீங்களா? அது கம்பி சம்பந்தி, கோடு போடுற ஸ்கேல் இல்ல."

சமையலறையில் என் மனைவி சிரித்தது எனக்குக் கேட்டது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கட்டட வரைபடம் போட்டவன் நான். மகள் கொடுத்த, கிட்டார் வாசிப்புக்கான குறிப்பை எழுதிய 'டேப்' தாள் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. நான்கு கோடுகள், நான்கு கம்பிகள். கோட்டின்மேல் இருக்கும் எண், கிட்டாரின் கழுத்தில் எந்தக் கட்டத்தில் விரலை அழுத்த வேண்டும் என்பது. பழைய வரைபலகையில் தாளை ஒட்டிவைத்துக் காலையிலும் மாலையிலும் உட்கார்ந்தேன். விரல் நுனி கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போனது.

"மிக்ஸி எவ்வளவோ தேவலாம்" என்றாள் மனைவி. "அது மாவு அரைஞ்சதும் நின்னுடும்."

பத்தாம் நாள் மாப்பிள்ளை வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை. ஒரு எண்கூட நான் தவறவிடவில்லை. ஆனால் அவர்கள் முதல் வரியில் இருக்கும்போதே நான் மூன்றாவது வரியில் இருந்தேன். மாப்பிள்ளை குச்சிகளை மடியில் வைத்தார்.

"மாமா, நீங்க நேரத்தை எப்படி எண்ணுறீங்க?"

தாளைக் காட்டினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து பென்சிலில் குறித்திருந்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு அரை நொடி. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அதை நான் கவனித்துக்கொண்டேன்.

"இடைவெளிக்கு அளவு கிடையாது மாமா. விரலை எங்க வைக்கணும்னுதான் இந்தத் தாள் சொல்லும். எப்போன்னு சொல்லாது."

"அதை யார் சொல்லுவா?"

அவர் தயங்கினார். "என் கால், மாமா. வலது கால். அதாலதான் பெரிய டிரம்மை அடிக்கிறேன். அது விழற நேரத்துல உங்க கம்பியும் விழணும்."

என் வீட்டில் நான் நாற்காலியில் உட்காரும்வரை மாப்பிள்ளை நின்றுகொண்டிருப்பார். அவருடைய காலைப் பார்த்துக்கொண்டு, சம்பந்தியின் ஆலை மொத்தமும் பார்க்க, நான் வாசிக்க வேண்டுமாம். கிட்டாரை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தேன். எதிர்வீட்டுக்காரர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். இரண்டு சக்கரமும் முடியும்வரை நின்றேன். என் வணங்காக் கழுத்தைக் காப்பாற்றினால் மகளின் வாக்குப் போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

உள்ளே போனேன்.

"ஷூவைக் கழட்டுங்க மாப்பிள்ளை. கட்டைவிரல் தெரியணும்."

அடுத்த பதினொரு நாளும் அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். எண்கள் கைக்குள் போய்விட்டன. தாள் வேண்டியிருக்கவில்லை.

விழாவில் சம்பந்தி முதல் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் என் நாற்காலியை டிரம்ஸ் பக்கம் திருப்பிப் போடச் சொன்னேன். இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு விரல் தடுக்கி நான்கு சுரம் போய்விட்டது. நிறுத்தவில்லை. அடுத்த முறை கால் விழும்போது என் கம்பியும் விழுந்தது.

முடிந்ததும் சம்பந்தி மேடைக்கு வந்தார்.

"என்ன சம்பந்தி, கடைசி வரைக்கும் குனிஞ்ச தலை நிமிரல?"

"உங்க பையனை நகம் வெட்டச் சொல்லுங்க" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். சம்பந்தி என் மகளை முன்னால் அழைத்தார்.

"சார், இது என் மருமக" என்றார். "அவர் அவங்க அப்பா."